முதல் ரெஜிஸ்டரை எங்கே வைப்பது?

ஒரு நிரல் இரண்டு எண்களைக் கூட்டப் போகிறது. முதல் எண் செயலிக்குள் இருக்கும் ஒரு ரெஜிஸ்டரில் ஏறிவிட்டது. இரண்டாவது எண் இன்னொரு ரெஜிஸ்டரில் ஏறிவிட்டது. அடுத்த கட்டளை கூட்டல்தான். சரியாக அந்த இடுக்கில் டைமர் வந்து செயலியைத் தட்டுகிறது. உடனே செயலி நிரலை அப்படியே விட்டுவிட்டு இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலுக்குள் தாவுகிறது. கெர்னலுக்கென்று தனி ரெஜிஸ்டர்கள் கிடையாது. நிரல் எண்களை வைத்திருந்த அதே ரெஜிஸ்டர்களில்தான் அதுவும் தன் கணக்குகளைப் போட்டாக வேண்டும். வேலை முடிந்து திரும்பும்போது அந்த இரண்டு எண்களும் முன்பிருந்த இடத்தில், முன்பிருந்தபடியே இருக்க வேண்டும். நடுவில் ஒருவர் வந்துபோனது நிரலுக்குத் தெரியவே கூடாது.

லினக்ஸில் இந்த டைமர் பெரும்பாலும் வினாடிக்கு 250 அல்லது 1000 தடவை தட்டும்படி அமைக்கப்பட்டிருக்கும். டைமர் மட்டுமல்ல. ஒரு கோப்பைத் திறக்கச் சொல்லி நிரலே கெர்னலைக் கூப்பிடுவது, நினைவகத்தில் இல்லாத பக்கத்தைத் தொட்டுவிடுவது, சுழியத்தால் வகுப்பது, நெட்வொர்க் கார்டு ஒரு பாக்கெட் வந்திருப்பதாகச் சொல்வது என்று எல்லாவற்றிலும் நடப்பது ஒன்றுதான்: ஓடுகிற நிரல் நிற்கிறது, கெர்னல் உள்ளே வருகிறது. இவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு என்றாலும் பொதுவாக ட்ராப் என்று சொல்லிவிடலாம்.

ரெஜிஸ்டர்களை நினைவகத்தில் எழுதி வைத்துவிட்டு, பிறகு எடுத்து நிரப்பினால் போயிற்று என்று தோன்றும். அந்த ‘எழுதி வைப்பதில்’தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது. நினைவகத்தில் எழுத வேண்டுமானால் எந்த முகவரியில் எழுதுவது என்று செயலிக்குச் சொல்ல வேண்டும். பெரும்பாலான செயலிகளில் அந்த முகவரி ஒரு ரெஜிஸ்டரில் இருந்தாக வேண்டும். ஆனால் ட்ராப் நடந்த நொடியில் எல்லா ரெஜிஸ்டர்களிலும் நிரலின் சரக்கு நிரம்பியிருக்கிறது. எதைத் தொட்டாலும் ஒரு மதிப்பு அழியும். இரண்டு கையிலும் பை, வீட்டுச் சாவியோ சட்டைப்பையில் என்று வாசலில் நிற்பவரின் நிலை இது. ஒரு கை காலியானால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். அந்த முதல் கையை எப்படிக் காலி செய்வது?

செயலி வடிவமைப்பாளர்கள் அறுபது ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு வெவ்வேறு பதில்களைச் சொல்லி வருகிறார்கள். 1964இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360இன் பதில் மிக நேர்த்தியானது. அந்த இயந்திரத்தில் அடிப்படை ரெஜிஸ்டராக 0ஆம் எண்ணைக் குறிப்பிட்டால், அந்த ரெஜிஸ்டரில் என்ன இருந்தாலும் செயலி அதைப் பார்க்காது. சுழியம் என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் நினைவகத்தின் முதல் 4096 பைட்டுகளை எந்த ரெஜிஸ்டரின் உதவியும் இல்லாமல் எட்டிவிடலாம். 16 ரெஜிஸ்டர்களையும் ஒரே கட்டளையில் அங்கே கொட்டிவிடவும் முடியும். கையைக் காலி செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

1980களில் வந்த மிப்ஸ் செயலி வேறு வழியில் போனது. அதில் 32 ரெஜிஸ்டர்கள். 26, 27 ஆகிய இரண்டும் கெர்னலுக்கு என்று ஓர் ஒப்பந்தம். இந்த ஒப்பந்தத்தை ஹார்ட்வேர் காவல் காக்கவில்லை. எந்த நிரலும் அவற்றில் எழுதலாம், தடையில்லை. ஆனால் எழுதிய மதிப்பு அடுத்த கட்டளைவரை இருக்கும் என்று நம்ப முடியாது. எப்போது வேண்டுமானாலும் கெர்னல் வந்து அழித்துவிட்டுப் போகும். கம்பைலர்கள் இதை அறிந்து அந்த இரண்டையும் தொடாமல் விட்டன. நிரலுக்குக் கிடைத்திருக்க வேண்டிய இரண்டு ரெஜிஸ்டர்கள் நிரந்தரமாகப் போயின என்பதுதான் இதற்குக் கொடுத்த விலை.

ஏகார்ன் நிறுவனம் 1980களில் உருவாக்கிய ஏஆர்எம் கொஞ்சம் தாராளமாக நடந்துகொண்டது. சாதனங்கள் செயலியைத் தட்டும் அவசர இடையீட்டுக்கென்று 8 முதல் 14 வரையிலான ரெஜிஸ்டர்களுக்கு இரண்டாவது பிரதி ஒன்றைச் சிலிக்கனிலேயே வைத்துவிட்டது. அவசரம் வந்ததும் அந்த ஏழும் மாறிக்கொள்ளும்; நிரலின் மதிப்புகள் திரைக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். சின்ன வேலையென்றால் எதையுமே எழுதி வைக்காமல் முடித்துவிட்டுத் திரும்பலாம். பின்னாளில் வந்த 64-பிட் ஏஆர்எம், பொது ரெஜிஸ்டர்களுக்கு இந்த இரட்டைப் பிரதியைக் கைவிட்டது. ஸ்டாக் எனும் தற்காலிகச் சேமிப்பிடத்தைக் காட்டும் ஸ்டாக் சுட்டிக்கு மட்டும் ஒவ்வொரு அதிகார நிலைக்கும் தனிப் பிரதி தங்கியிருக்கிறது.

இதையெல்லாம் கிட்டத்தில் போய்ப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு எக்ஸ்வி6 கெர்னலைவிட நல்ல இடம் கிடைக்காது. அமெரிக்காவின் எம்ஐடியில் 2006இல் பாடத்துக்காக எழுதப்பட்ட சிறிய கெர்னல் அது. முதலில் இன்டெல் செயலியில் ஓடியது, 2019இல் ரிஸ்க்-ஃபைவுக்கு மாற்றப்பட்டது. ரிஸ்க்-ஃபைவ் என்பது பெர்க்லியில் பிறந்த, யாரும் கட்டணமில்லாமல் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய செயலி வடிவமைப்பு. சென்னை ஐஐடியின் ‘சக்தி’ செயலிகளும் இந்த வகைதான்.

ரிஸ்க்-ஃபைவ் செயலி ட்ராப்பின்போது செய்யும் வேலை வியக்கத்தக்க அளவு குறைவு. நிரல் எந்தக் கட்டளையில் நின்றது என்ற முகவரியை ஒரு தனி ரெஜிஸ்டரில் குறித்துக்கொள்கிறது. ட்ராப்பின் காரணத்தை ஓர் எண்ணாக இன்னொன்றில் எழுதுகிறது. நிரல் தானாகக் கூப்பிட்டிருந்தால் 8, படிக்கப்போன பக்கம் இல்லையென்றால் 13, எழுதப்போன பக்கம் இல்லையென்றால் 15. இடையீடுகளை அணைக்கிறது. அதிகார நிலையை உயர்த்துகிறது. கெர்னல் முன்கூட்டியே சொல்லிவைத்த முகவரிக்குத் தாவுகிறது. அவ்வளவுதான். பொது ரெஜிஸ்டர்களில் ஒன்றைக்கூட அது சேமிப்பதில்லை. ஸ்டாக்கை மாற்றுவதில்லை. முகவரிகளுக்குப் பொருள் சொல்லும் பேஜ் டேபிளையும் மாற்றுவதில்லை. எதைச் சேமிக்க வேண்டும், எதை விடலாம் என்று கெர்னல் எழுதுகிறவரே முடிவு செய்துகொள்ளட்டும் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம்.

ஆக, கெர்னலின் முதல் வரி ஓடத் தொடங்கும்போது அதிகாரம் கெர்னலுடையது, ஆனால் 31 ரெஜிஸ்டர்களிலும் இருப்பது நிரலின் சொத்து. 32ஆவது என்றுமே சுழியம், அதைப் பற்றிக் கவலையில்லை. முகவரிகளும் இன்னும் நிரலின் பேஜ் டேபிள்படிதான் புரிந்துகொள்ளப்படுகின்றன. இங்கேதான் ‘எஸ்ஸ்க்ராட்ச்’ என்ற தனி ரெஜிஸ்டர் கைகொடுக்கிறது. அதற்கு வேறு எந்த வேலையும் கிடையாது. சும்மா கிடப்பதுதான் வேலை. எக்ஸ்வி6இன் முதல் கட்டளை ஏ0 ரெஜிஸ்டரில் உள்ளதை எஸ்ஸ்க்ராட்சில் போடுகிறது. ஒரு கை காலி. அடுத்து, எல்லா நிரல்களுக்கும் பொதுவான ஒரு நிலையான முகவரி ஏ0வில் ஏற்றப்படுகிறது. அந்த முகவரியில் அந்தந்த நிரலுக்கென்று ஒதுக்கிய ட்ராப்ஃப்ரேம் என்ற பக்கம் இருக்கிறது. பிறகு வரிசையாக முப்பது சேமிப்புக் கட்டளைகள், சலிப்பூட்டும் அளவுக்கு ஒரே மாதிரி: 40ஆவது பைட்டில் ஒன்று, 48இல் ஒன்று, 56இல் ஒன்று என்று 280 வரை. நடுவே 112இல் மட்டும் ஒரு பள்ளம் விடப்பட்டிருக்கும். அது ஏ0வின் இடம். மற்ற முப்பதும் பத்திரமான பிறகு, எஸ்ஸ்க்ராட்சில் காத்திருக்கும் மதிப்பை எடுத்து அந்தப் பள்ளத்தை நிரப்புகிறார்கள்.

முதல் 40 பைட்டுகளில் கெர்னல் தனக்குத் தானே எழுதிவைத்துக்கொண்ட குறிப்புகள்: தன் பேஜ் டேபிள் எங்கே, தன் ஸ்டாக் எங்கே, அடுத்து எந்த ஃபங்ஷனுக்குப் போக வேண்டும் என்பன. அவற்றை எடுத்துக்கொண்டு பேஜ் டேபிளை மாற்றுகிறது. இந்த இடம் கொஞ்சம் கழைக்கூத்துதான். பேஜ் டேபிள் மாறினால் முகவரிகளின் பொருளே மாறிவிடும்; அப்போது ஓடிக்கொண்டிருக்கிற கட்டளையின் முகவரிகூட வேறெங்கோ போய்விடலாம். அதைத் தவிர்க்க இந்தச் சில வரிகளை மட்டும் ஒரு தனிப் பக்கத்தில் வைத்து, அந்தப் பக்கத்தை எல்லா நிரல்களின் பேஜ் டேபிளிலும் கெர்னலின் பேஜ் டேபிளிலும் ஒரே உச்ச முகவரியில் பொருத்தியிருக்கிறார்கள். டேபிள் மாறினாலும் காலடித் தரை மாறாது.

ட்ராப்ஃப்ரேமின் அளவு மொத்தம் 288 பைட். இது வெறும் பாதுகாப்புப் பெட்டகம் என்று நினைத்தால் பாதிதான் சரி. நிரல் நின்றிருக்கும் நேரத்தில் அந்த நிரலின் ரெஜிஸ்டர்கள் என்று இருப்பவை இந்த 288 பைட்டுக்குள் இருக்கும் எண்கள்தாம். அங்கே ஓர் எண்ணை மாற்றினால், திரும்பி எழும் நிரல் மாறிய எண்ணோடுதான் எழும். கெர்னல் இதைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்கிறது. கோப்பிலிருந்து எத்தனை பைட் படித்தோம் என்ற விடை நிரலுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? ட்ராப்ஃப்ரேமில் ஏ0வின் இடத்தில் எழுதிவிடுகிறார்கள். நிரல் தானாகக் கூப்பிட்டு வந்திருந்தால், நின்ற முகவரியோடு 4ஐக் கூட்டி வைக்கிறார்கள். இல்லாவிட்டால் திரும்பிப்போய் அதே அழைப்பை மறுபடியும் செய்யும், மறுபடியும் உள்ளே வரும், முடிவே இருக்காது. பக்கம் இல்லாமல் வந்திருந்தால் கூட்டுவதில்லை. பக்கத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தவறிய அதே கட்டளையை மறுபடி ஓட விடுகிறார்கள்.

யுனிக்ஸ் பாடம் படிக்கிற மாணவர்களைப் பல தலைமுறைகளாகக் குழப்பிவரும் ஃபோர்க் விஷயமும் இங்கேதான் அவிழ்கிறது. ஃபோர்க் ஒரு தடவை கூப்பிடப்படும், இரண்டு தடவை திரும்பும். தாய் நிரலில் குழந்தையின் எண்ணோடும் குழந்தை நிரலில் சுழியத்தோடும். மாயம் எதுவும் இல்லை. எக்ஸ்வி6 தாயின் ட்ராப்ஃப்ரேமை அப்படியே குழந்தைக்குப் பிரதி எடுக்கிறது, பிரதியில் ஏ0வின் இடத்தில் மட்டும் 0 என்று எழுதுகிறது. ஒரே ஒரு வரி. டிபக்கரில் ரெஜிஸ்டர்களைக் காட்டச் சொன்னால் திரையில் வருபவையும் இப்படி எடுத்துவைக்கப்பட்ட எண்கள்தாம். உண்மையான ரெஜிஸ்டர்களில் அந்த நேரத்தில் டிபக்கரின் சொந்தக் கணக்குகள் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொரு நுணுக்கம். ட்ராப்பின்போது 31 ரெஜிஸ்டர்களைச் சேமிக்கும் இதே எக்ஸ்வி6, கெர்னலுக்குள் ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது 14ஐ மட்டுமே சேமிக்கிறது. இது சோம்பலில்லை. மாறுவதற்கான ஃபங்ஷனைக் கெர்னலே தெரிந்து கூப்பிடுகிறது. ஃபங்ஷனைக் கூப்பிடுகிறவர் எந்தெந்த ரெஜிஸ்டர்களைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதில் கம்பைலருக்கு விதி உண்டு. மிச்சத்தில் சேமிக்க வேண்டியவற்றை அது ஏற்கெனவே கவனித்திருக்கும். டைமருக்கு அப்படி யாரும் தயாராக இருப்பதில்லை. எந்த இரண்டு கட்டளைகளுக்கு நடுவிலும் அது வரும்.

கம்பைலரின் விதிகளை நம்பி ரெஜிஸ்டர் சேமிப்பைக் கட்டியதில் பெரியவர்களே தடுக்கியிருக்கிறார்கள். 1975இல் பெல் ஆய்வகத்திலிருந்து வந்த யுனிக்ஸ் ஆறாம் பதிப்பில், ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில் டென்னிஸ் ரிச்சி ஒரு குறிப்பு எழுதியிருந்தார். இது வாசிப்பவருக்குப் புரிய வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை என்பது அதன் சாரம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் அந்தக் கெர்னல் முழுவதற்கும் உரை எழுதி மாணவர்களுக்குக் கொடுத்தபோது இந்தக் குறிப்பு உலகப் புகழ் பெற்றது. உரைநூல் 1996 வரை அதிகாரபூர்வமாக வெளிவர முடியாமல், ஜெராக்ஸ் பிரதியாகவே கைமாறியது. இது தேர்வில் வராது என்ற பொருளில் எழுதினேன் என்று ரிச்சி பிற்காலத்தில் விளக்கினார். கூடவே, உண்மையில் எங்களுக்கும் அது சரியாகப் புரிந்திருக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். அப்போது யுனிக்ஸ் ஓடிய பிடிபி-11 இயந்திரத்தின் கம்பைலர் எல்லா ஃபங்ஷன்களிலும் ரெஜிஸ்டர்களை ஒரே முறையில் சேமித்ததால், ஒரு ஃபங்ஷனின் ஸ்டாக்கை வைத்துக்கொண்டு இன்னொரு ஃபங்ஷன் வழியாகத் திரும்பினாலும் ஒப்பேறிவிட்டது. யுனிக்ஸை இன்டர்டேட்டா 8/32 இயந்திரத்துக்குக் கொண்டுபோனபோது அதன் கம்பைலர் தேவைக்கேற்ப முறையை மாற்றிக்கொண்டது. தந்திரம் அங்கே செல்லுபடியாகவில்லை. எக்ஸ்வி6 என்ற பெயரில் உள்ள 6, இந்த ஆறாம் பதிப்பிலிருந்து வந்ததுதான்.

மேசையிலும் மடியிலும் இருக்கும் கணினிகளில் பெரும்பாலானவை ஓடுவது இன்டெல், ஏஎம்டி செயலிகளில். அங்கே கதை இவ்வளவு சுத்தமாக இல்லை. பழைய முறையில் செயலியே கெர்னலின் ஸ்டாக்கைத் தேடிப் பிடித்து, முக்கியமான ஐந்து மதிப்புகளை அதில் தள்ளிக் கொடுத்தது. மரியாதையான வரவேற்புதான், ஆனால் மெதுவானது. 64-பிட்டுக்கு வந்தபோது ஏஎம்டி வேகத்துக்காக வேறொரு கட்டளையைக் கொண்டுவந்தது. அது திரும்ப வேண்டிய முகவரியை ஆர்சிஎக்ஸ் ரெஜிஸ்டரிலும், கொடிகளை ஆர்11இலும் போட்டுவிட்டுக் கெர்னலுக்குள் குதிக்கும். அந்த இரண்டில் நிரல் முன்பு வைத்திருந்தது போயே போச்சு. ஸ்டாக் சுட்டி இன்னும் நிரலினுடையது. அதை நம்பி ஒரு பைட்கூட எழுத முடியாது. நிரல் அதில் எந்தக் குப்பை முகவரியையும் வைத்திருக்கலாம்.

காலிக் கைக்கு இங்கே கிடைத்த பதில் ‘ஸ்வாப்ஜிஎஸ்’ என்ற ஒற்றைக் கட்டளை. ஜிஎஸ் என்ற துணை ரெஜிஸ்டரின் அடிப்படை முகவரியை, கெர்னல் ஒளித்துவைத்திருக்கும் முகவரியோடு இது மாற்றிக்கொள்ளும். மாற்றியதும் அந்த முகவரியை ஒட்டிய இடத்தில் நிரலின் ஸ்டாக் சுட்டியை எழுதிவிட்டு, தன் ஸ்டாக்கை எடுத்துக்கொள்ளலாம். சரி, ஆனால் இது மாற்றிப்போடும் கட்டளை. இரண்டு தடவை ஓடினால் பழையபடி நிரலின் முகவரிக்கே திரும்பிவிடும். எனவே உள்ளே வரும் ஒவ்வொரு வழியிலும் ‘நிரலிலிருந்து வந்தோமா, கெர்னலிலிருந்தே வந்தோமா’ என்று பார்த்துத்தான் இதை ஓட்ட வேண்டும். கெர்னலுக்குள் குதித்த பிறகு, ஸ்வாப்ஜிஎஸ் ஓடுவதற்கு முன் ஒரு கட்டளை அளவு இடைவெளி இருக்கிறது. அதில் அதிகாரம் கெர்னலுடையது, ஜிஎஸ் நிரலுடையது.

அந்த இடைவெளியில் யாராவது புகுந்தால்? 2018 மே மாதம் அது நடக்கும் என்று தெரியவந்தது. எஸ்எஸ் என்ற ரெஜிஸ்டரில் மதிப்பை ஏற்றும் கட்டளைக்குப் பின், அடுத்த ஒரு கட்டளை முடியும்வரை செயலி இடையீடுகளைத் தள்ளிவைக்கும். அடுத்து வருவது ஸ்டாக் சுட்டியை ஏற்றும் கட்டளையாகத்தான் இருக்கும் என்ற பழைய காலத்துக் கரிசனம் அது. நிரல் அங்கே ஒரு டிபக் கண்காணிப்பு வைத்துவிட்டு, அடுத்த கட்டளையாகக் கெர்னலையே கூப்பிட்டால், தள்ளிப்போன இடையீடு கெர்னலின் முதல் வாசற்படியில் வந்து விழும். அதைக் கையாளும் பகுதி, வந்தது கெர்னலிலிருந்து என்று பார்த்து, ஸ்வாப்ஜிஎஸ் தேவையில்லை என்று முடிவு செய்யும். விண்டோஸ், மேக்ஓஎஸ், லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி என்று பெயர்பெற்ற இயங்குதளங்கள் பலவும் இதற்குத் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. செயலியின் கையேட்டை எல்லோரும் ஒரே மாதிரித் தவறாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். எல்லோருமே தவறாகப் படித்தால் கையேட்டின் மேலும் பாதிப் பழி விழத்தான் வேண்டும்.

திரும்பிப் போகும் வழியிலும் இதே ஆபத்து உண்டு. நிரலுக்குத் திரும்பும் கட்டளை ஸ்டாக் சுட்டியைத் தொடாது என்பதால், அதற்கு முன்பே நிரலின் சுட்டியைக் கெர்னல் ஏற்றிவிட வேண்டும். திரும்பும் முகவரி செல்லாத முகவரியாக இருந்தால், ஏஎம்டி செயலி நிரலின் பக்கம் போன பிறகு பிழை சொல்லும். இன்டெல் செயலி கெர்னலின் அதிகாரத்தில் இருக்கும்போதே சொல்லும், நிரல் கொடுத்த ஸ்டாக்கின் மேல் நின்றபடி. அப்போது கெர்னல் பிழையைக் குறித்துவைப்பதாக எண்ணி, தாக்குபவர் காட்டிய முகவரியில் எழுதும். லினக்ஸ் இதை 2006இலேயே அடைத்துவிட்டது. விண்டோஸ், ஃப்ரீபிஎஸ்டி, ஸென் மெய்நிகராக்கி ஆகியவற்றில் ஓட்டை 2012 ஜூன்வரை திறந்தே இருந்தது.

இதுவரை சொன்னது பொது ரெஜிஸ்டர்களைப் பற்றி மட்டும். தசமக் கணக்குக்கும் வீடியோவுக்கும் பயன்படும் பெரிய ரெஜிஸ்டர்கள் வேறு ரகம். 64-பிட் இன்டெலின் 16 பொது ரெஜிஸ்டர்களும் சேர்ந்து 128 பைட்தான். ஏவிஎக்ஸ்-512 ரெஜிஸ்டர்கள் 32, ஒவ்வொன்றும் 64 பைட், ஆக 2048. ஒவ்வொரு ட்ராப்பிலும் இதை இறக்கி ஏற்றினால் கட்டுப்படியாகாது. ஆகவே கெர்னல் அவற்றைத் தொடாமலிருக்கும்படியே கம்பைல் செய்யப்படுகிறது. தொடாததைச் சேமிக்க வேண்டியதில்லை. நிரல் மாறும்போதுகூடப் பல காலம் இதைத் தள்ளிப்போட்டார்கள். பழைய நிரலின் மதிப்புகளை அங்கேயே விட்டுவிட்டு, புது நிரல் அவற்றைத் தொட முயன்றால் ஒரு ட்ராப் வரும்படி வைத்து, அப்போது மாற்றிக்கொண்டார்கள். சிக்கனமான யோசனைதான். ஆனால் ட்ராப் வருவதற்குள் செயலி ஊகத்தில் முன்னே ஓடி அந்தப் பழைய மதிப்புகளைப் படித்துவிடுவதும், அதன் சுவடுகளைப் பிடிக்க முடிவதும் 2018 ஜூனில் அம்பலமாயின. குறியாக்கச் சாவிகள் பல சமயம் வந்து தங்குவதும் அந்த ரெஜிஸ்டர்களில்தான். லினக்ஸ் வேறு காரணங்களுக்காக 2016இலேயே தள்ளிப்போடும் வழக்கத்தை விட்டிருந்தது, தப்பியது.

இத்தனை ஒட்டுகளுக்கும் பிறகு இன்டெல் வாசலையே இடித்துக் கட்டியிருக்கிறது. ஃப்ரெட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தப் புதிய முறைக்கான ஆதரவு 2024இல் லினக்ஸ் 6.9இல் சேர்ந்தது. அதில் நிரலிலிருந்து வருகிறவர்களுக்கும் கெர்னலிலிருந்து வருகிறவர்களுக்கும் வாசல் தனித்தனி. ஸ்டாக்கையும் ஜிஎஸ்ஸையும் செயலியே மாற்றிக் கொடுத்துவிடுவதால், அந்த ஒரு கட்டளை இடைவெளிக்கு இனி இடமில்லை. ஆர்சிஎக்ஸும் ஆர்11உம்கூட அழிவதில்லை. பொது ரெஜிஸ்டர்களைச் சேமிக்கும் வேலையை மட்டும் ஃப்ரெட் தன் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. ஸ்டாக் சுட்டி நீங்கலான 15ஐயும் இப்போதும் கெர்னல்தான் ஒவ்வொன்றாக ஸ்டாக்கில் தள்ளுகிறது.